2023 தைச்சுங் குழு: ஐந்து அணிக்கும் 2 வெற்றி, 2 தோல்வி. தோற்ற விதம்தான் முடிவு செய்ததா?

இடதுகைப்பந்து:

எல்லோருக்கும் வணக்கம். நாடுகள் மோதும் பேஸ்பால் போட்டியான 2026 வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக்கின் குழுக்கள் முழுதாகிவிட்டன. தைவான் தகுதிச் சுற்றில் ஜெயித்து டோக்கியோ குழுவுக்குள் வந்திருக்கிறது. கூட இருப்பவை ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, செக் குடியரசு.

உலகத் தரவரிசையில் மேலே இருக்கும் ஓர் அணி ஏன் தகுதிச் சுற்று ஆட வேண்டி வந்தது? 2023 மார்ச்சில், சொந்த ஊரான தைச்சுங்கில் நடந்த குழுச் சுற்றில் அது கடைசி இடம் பிடித்தது. ஆனால் அந்தக் குழுவில் ஐந்து அணிகளுமே இரண்டு ஆட்டம் ஜெயித்து இரண்டு ஆட்டம் தோற்றவை. இரண்டு நாளாக அந்தக் குழுவின் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் முடிவுகள்:

மார்ச் 8: நெதர்லாந்து 4, கியூபா 2. பனாமா 12, தைவான் 5.
மார்ச் 9: நெதர்லாந்து 3, பனாமா 1. இத்தாலி 6, கியூபா 3 (10 இன்னிங்ஸ்).
மார்ச் 10: கியூபா 13, பனாமா 4. தைவான் 11, இத்தாலி 7.
மார்ச் 11: பனாமா 2, இத்தாலி 0. தைவான் 9, நெதர்லாந்து 5.
மார்ச் 12: கியூபா 7, தைவான் 1. இத்தாலி 7, நெதர்லாந்து 1.

முதல் இரண்டு இடத்துக்குத்தான் காலிறுதி. முதல் இரண்டு ஆட்டமும் ஜெயித்த நெதர்லாந்து வெளியே போனது. முதல் இரண்டும் தோற்ற கியூபா குழுவில் முதலிடம் பிடித்தது.

சமநிலையைப் பிரிக்கும் விதி இதுதான்: சமமாக நிற்கும் அணிகளுக்குள் நடந்த ஆட்டங்களில் ஓர் அணி கொடுத்த ரன்களை, அது ஃபீல்டிங்கில் எடுத்த அவுட்களால் (ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்) வகுக்க வேண்டும். யாருக்குக் குறைவோ அவர் மேலே. இங்கே எல்லோரும் சமம், அதனால் எல்லா ஆட்டமும் கணக்கில் வந்துவிட்டது.

கியூபா 15 ரன், 108 அவுட்: 0.139
இத்தாலி 17 ரன், 108 அவுட்: 0.157
நெதர்லாந்து 19 ரன், 102 அவுட்: 0.186
பனாமா 21 ரன், 105 அவுட்: 0.200
தைவான் 31 ரன், 105 அவுட்: 0.295

நான் கவனித்தது என்னவென்றால், தோற்ற இரண்டு ஆட்டங்களில் கொடுத்த ரன்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். கியூபா 10, இத்தாலி 13, நெதர்லாந்து 16, பனாமா 16, தைவான் 19. கடைசிப் பட்டியலும் இதே வரிசையில்தான் நிற்கிறது. தோற்கும் ஆட்டத்தில் எவ்வளவு கட்டுப்பாடாகத் தோற்கிறோம் என்பதுதான் இந்தக் குழுவைத் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

கவர்டிரைவ்:

நான் கிரிக்கெட்காரன். பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து மூன்று வருடம்தான் ஆகிறது, தப்பு இருந்தால் திருத்துங்கள்.

இதைப் படித்ததும் எனக்கு 2019 கிரிக்கெட் உலகக் கோப்பையில் பாகிஸ்தான்தான் ஞாபகம் வந்தது. முதல் ஆட்டத்தில் வெஸ்ட் இண்டீஸிடம் 105-க்குச் சுருண்டார்கள், அதை 13.4 ஓவரில் அவர்கள் அடித்துவிட்டார்கள். பிறகு பாகிஸ்தான் நியூசிலாந்தையே ஜெயித்து, அவர்களோடு 11 புள்ளியில் சமமாக வந்து நின்றும் நெட் ரன் ரேட்டில் வெளியே போனது. தைவானுக்கு பனாமா ஆட்டம் அப்படி ஒரு முதல் நாள்.

ஆனால் ஒரு கேள்வி. நெட் ரன் ரேட்டில் அடித்த ரன், கொடுத்த ரன் இரண்டும் சேரும். இங்கே அடித்த ரன்னுக்கு மதிப்பே இல்லையா? 11 ரன் அடித்து ஜெயித்த இரவுக்குப் பலன் ஒன்றுமே கிடையாதா?

இடதுகைப்பந்து:

வெற்றி என்ற பலன் உண்டு. சமநிலை வந்த பிறகு அடித்த ரன்னுக்கு மதிப்பு இல்லை என்பது உண்மைதான்.

அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. பேஸ்பாலில் இரண்டாவதாக பேட் செய்யும் அணி முன்னிலையில் இருந்தால் 9-வது இன்னிங்ஸில் அது பேட் பிடிப்பதில்லை, ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். 7 இன்னிங்ஸுக்குப் பிறகு 10 ரன் வித்தியாசம், 5 இன்னிங்ஸுக்குப் பிறகு 15 ரன் வித்தியாசம் என்றாலும் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு அணிக்கு அணி மாறும். அப்புறம், பலவீனமான அணி கிடைத்தால் ரன்னைக் குவித்துக்கொண்டே போகும் ஆசையும் வரக்கூடாது என்று பார்க்கிறார்கள். கொடுத்த ரன்னை அவுட்டால் வகுத்தால் இந்த ஏற்றத்தாழ்வு ஓரளவு சரியாகிவிடும். நெதர்லாந்துக்கு 102 அவுட் மட்டும் இருப்பதும் இதனால்தான். தோற்ற இரண்டு ஆட்டத்திலும் எதிரணிக்கு 9-வது இன்னிங்ஸ் தேவைப்படவில்லை.

கணக்குப்பிள்ளை:

இடதுகைப்பந்து, உங்கள் கூட்டல் சரி. ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவு பாதிதான் சரி.

ஜெயித்த ஆட்டங்களில் கொடுத்த ரன்னையும் பாருங்கள். நெதர்லாந்து 3, இத்தாலி 4, கியூபா 5, பனாமா 5. தைவான் 12! இத்தாலியிடம் 7, நெதர்லாந்திடம் 5. மற்ற நான்கு அணிகளும் ஜெயிக்கும்போது இறுக்கிப் பிடித்து ஜெயித்தன, தைவான் மட்டும் அடித்து நொறுக்கி ஜெயித்தது. இந்த விதிக்கு அந்த மாதிரி வெற்றி ஒத்து வராது. தோற்ற விதம் மட்டும் காரணம் என்றால் தைவானின் இந்த 12 ரன்னை எங்கே வைப்பீர்கள்?

கவர்டிரைவ் கேட்டதற்காக இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். அடித்த ரன்: தைவான் 26, கியூபா 25, இத்தாலி 20, பனாமா 19, நெதர்லாந்து 13. குழுவிலேயே அதிக ரன் அடித்த அணிதான் கடைசியில் வந்திருக்கிறது. அடித்ததில் கொடுத்ததைக் கழித்தால் கியூபா +10, இத்தாலி +3, பனாமா -2, தைவான் -5, நெதர்லாந்து -6.

எந்த விதியில் பார்த்தாலும் கியூபாவும் இத்தாலியும்தான் காலிறுதிக்குப் போகின்றன. ஆனால் ரன் வித்தியாச விதி இருந்திருந்தால் கடைசி இடம் நெதர்லாந்துக்குப் போயிருக்கும். தகுதிச் சுற்றுக்கும் அவர்கள்தான் போயிருப்பார்கள். அடித்த இன்னிங்ஸ், காத்த இன்னிங்ஸ் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டேன், அப்போதும் வரிசை மாறவில்லை.

கவர்டிரைவ்:

அப்படியென்றால் தைவானுக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கணக்குப்பிள்ளை:

அநியாயம் என்று சொல்ல மாட்டேன், விதி முன்பே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த விதி பேட்டிங்கைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்வேன்.

2013-இல் இதே தைச்சுங் மைதானத்தில் நடந்ததைப் பாருங்கள். தைவான், நெதர்லாந்து, கொரியா மூன்றும் 2-1, அதாவது 2 வெற்றி, 1 தோல்வி. அப்போது இருந்த விதியில் ஓர் இன்னிங்ஸுக்கு அடித்த ரன்னிலிருந்து ஓர் இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன்னைக் கழிப்பார்கள். கடைசி ஆட்டத்தில் கொரியா தைவானை 3-2 என்று ஜெயித்தும் வெளியே போனது, ஏனென்றால் முதல் ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 5-0 என்று தோற்றிருந்தது. தைவான் குழுவில் முதலிடம். அந்தப் பழைய விதி 2023-இலும் இருந்திருந்தால் தைவான் கடைசி ஆகியிருக்காது. பத்து வருடம் முன்பு அதே ஊரில் கைகொடுத்த கணக்கு, மாறிய பிறகு கைவிட்டுவிட்டது.

மூணாவதுபேஸ்:

கணக்கு போடுகிறவர்கள் பந்து வீசும் பிட்சர்களை மறந்துவிடுகிறீர்கள். கல்லூரி நாட்களில் சாஃப்ட்பால் அணிக்குப் பந்து வீசியவன் என்பதால் எனக்கு இது முதலில் தெரிகிறது.

இந்தப் போட்டியின் குழுச் சுற்றில் ஒரு பிட்சர் ஓர் ஆட்டத்தில் 65 பந்துக்கு மேல் வீச முடியாது. 50 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு, அதாவது குழுச் சுற்று அவருக்கு அத்தோடு முடிந்தது. 30 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு நாள் ஓய்வு. தொடர்ந்து இரண்டு நாள் வீசினால் மூன்றாம் நாள் வீசக்கூடாது. ஐந்து நாளில் நான்கு ஆட்டம். இத்தாலிக்கும் பனாமாவுக்கும் ஓய்வு நாளே கிடையாது, தொடர்ந்து நான்கு நாள் ஆடினார்கள்.

இப்போது மேனேஜர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். 6-வது இன்னிங்ஸில் 8-3 என்று பின்தங்கி இருக்கிறீர்கள். புல்பென்னில், அதாவது மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடத்தில், நல்ல கை ஒன்று தயாராக இருக்கிறது. அவரை அனுப்பினால் இந்த ஆட்டத்தில் இரண்டு மூன்று ரன் மிச்சமாகலாம், ஆனால் ஆட்டம் போனது போனதுதான். நாளை மறுநாள் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் அவர் இருக்க மாட்டார். எல்லா மேனேஜரும் நல்ல கையைப் பத்திரப்படுத்திவிட்டு ஐந்தாவது ஆறாவது ஆளைத்தான் பந்து வீசும் மேட்டில் ஏற்றுவார்கள். ஒரு சாதாரண லீகில் அதுதான் புத்திசாலித்தனம். இங்கே 8-3 என்பது 12-5 ஆகிவிட்டால் அந்த நான்கு ரன்னும் கடைசி நாள் வரை அணியின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும்.

அதனால் இடதுகைப்பந்து சொல்வதோடு ஒத்துப்போகிறேன். தோல்வியைச் சின்னதாக வைத்துக்கொள்ளும் அணிக்கு இந்தச் சுற்று சாதகம். இத்தாலி பனாமாவிடம் 2-0 என்று தோற்றதே, அந்தக் குழுவிலேயே மலிவான தோல்விகளில் ஒன்று அது. அந்த ஆட்டத்தில் அவர்கள் ஒரு ரன்கூட அடிக்கவில்லை, ஆனாலும் காலிறுதிக்குப் போனதற்கு அந்த ஆட்டமும் ஒரு காரணம்.

புதுவரவு:

சின்ன சந்தேகம். நேருக்கு நேர் யார் ஜெயித்தார்கள் என்று முதலில் பார்ப்பார்கள் என்று படித்திருக்கிறேனே? தைவான் இத்தாலியை ஜெயித்திருக்கிறதே.

இடதுகைப்பந்து:

ஆமாம், முதல் படி அதுதான். இரண்டு அணி மட்டும் சமம் என்றால் அந்த ஒரே ஆட்டத்தை வைத்துப் பிரித்துவிடலாம். இங்கே ஐந்தும் சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று ஜெயித்திருக்கின்றன: தைவான் இத்தாலியை, இத்தாலி கியூபாவை, கியூபா தைவானை. அதனால் முதல் படியில் யாரையும் பிரிக்க முடியாது. அடுத்த படிதான் கொடுத்த ரன். அதிலும் சமம் என்றால் பிட்சர் கணக்கில் சேரும் ரன்களை மட்டும் எடுத்து அதே வகுத்தல், பிறகு பேட்டிங் சராசரி, கடைசியாகச் சீட்டுக் குலுக்கல்.

கணக்குப்பிள்ளை, 12 ரன் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். "தோற்ற விதம்தான்" என்று நான் சொன்னது கூடுதல். தைவான் விஷயத்தில் ஜெயித்த விதமும் சேர்ந்துதான் இழுத்தது. மற்ற நான்கு அணிகளுக்கு என் வாதம் நிற்கிறது, ஏனென்றால் ஜெயித்த ஆட்டங்களில் அவை கொடுத்தது எல்லாம் 3-இலிருந்து 5-க்குள்தான். பிரித்தது தோல்விகள்தான்.

கணக்குப்பிள்ளை:

இப்படிச் சொன்னால் முழுசாக ஏற்கிறேன்.

உங்கள் வாதத்துக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். கடைசி நாள் இரவு நெதர்லாந்து இத்தாலியிடம் 7-1 என்று தோற்றது. அந்த ஆட்டத்துக்கு முன் நெதர்லாந்து 78 அவுட்டில் 12 ரன் கொடுத்திருந்தது. அவர்கள் 4-1 என்று தோற்றிருந்தால்? 102 அவுட்டில் 16 ரன், 0.1569. இத்தாலி 108 அவுட்டில் 17 ரன், 0.1574. நெதர்லாந்து உள்ளே, இத்தாலி வெளியே! 5-1 என்றால் 0.167, இத்தாலி உள்ளே. அந்த ஐந்தாவது ரன்னில்தான் காலிறுதிக்காக டோக்கியோ விமானத்தில் யார் ஏறுவது என்று முடிவானது. ஜெயித்தால் மட்டும் இத்தாலிக்குப் போதாது, இத்தனை ரன்னும் வேண்டும்.

பனாமாவும் அப்படித்தான். கியூபாவிடம் 13 கொடுத்தார்கள். 8 கொடுத்துத் தோற்றிருந்தால் 105 அவுட்டில் 16 ரன், 0.152. இத்தாலிக்கு மேலே போயிருப்பார்கள். முதல் நாள் தைவானை ஜெயித்ததுதான் இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே பனாமாவின் முதல் வெற்றி. அப்படிப்பட்ட அணிக்குக் காலிறுதி ஐந்து ரன் தூரத்தில் இருந்தது. எனக்கு அவர்களை நினைத்தால்தான் மனம் கனக்கிறது.

கவர்டிரைவ்:

4-1-க்கும் 5-1-க்கும் இடையில் ஓர் அணியின் கதை முடிகிறது என்றால், அதை ஆடும்போது அவர்களுக்குத் தெரியுமா? கிரிக்கெட்டில் "இத்தனை ஓவருக்குள் அடித்தால் உள்ளே" என்று திரையிலேயே போட்டுவிடுவார்கள்.

மூணாவதுபேஸ்:

தெரியாமல் இருக்காது. ஆனால் எப்போதும் தெளிவாக இருந்ததில்லை. 2017-இல் மெக்சிகோவுக்கு நடந்தது இன்னும் கொடுமை. மெக்சிகோவின் ஹலிஸ்கோவில் நடந்த குழுவில் இத்தாலி, வெனிசுவேலா, மெக்சிகோ மூன்றும் 1-2. கடைசி ஆட்டத்தில் வெனிசுவேலாவை 11-9 என்று ஜெயித்த மெக்சிகோ, அடுத்து ஒரு தீர்மான ஆட்டம் தமக்கு இருக்கிறது என்றே நினைத்துக் கொண்டாடியது. பிறகு கணக்கு வந்தது. வெனிசுவேலா கொடுத்தது 19 இன்னிங்ஸில் 21 ரன், 1.11. மெக்சிகோ 17 இன்னிங்ஸில் 19 ரன், 1.12. வெளியே!

வம்பு எங்கே என்றால், முதல் ஆட்டத்தில் மெக்சிகோ 9-வது இன்னிங்ஸில் ஓர் அவுட்கூட எடுக்காமல் ஐந்து ரன் கொடுத்து இத்தாலியிடம் 10-9 என்று தோற்றது. ரன் ஐந்தும் கணக்கில் சேர்ந்தது, அவுட் இல்லாததால் அந்த இன்னிங்ஸ் சேரவில்லை. களத்தில் இறங்கி ஆடிய இன்னிங்ஸை எப்படி விடலாம் என்று மெக்சிகோ முறையிட்டது, எடுபடவில்லை.

2006-இலும் இதே மாதிரிதான். இரண்டாம் சுற்றில் ஜப்பான், அமெரிக்கா, மெக்சிகோ மூன்றும் 1-2. ஜப்பானும் அமெரிக்காவும் தலா 5 ரன் கொடுத்திருந்தன. ஜப்பான் ஃபீல்டிங் செய்தது 17 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், அமெரிக்கா செய்தது சரியாக 17 இன்னிங்ஸ். அந்த இரண்டு அவுட்டில் ஜப்பான் அரையிறுதிக்குப் போய், முதல் கோப்பையையே தூக்கியது.

தைச்சுங்மழை:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. 2023-இல் நான் தைச்சுங்கில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வக நண்பர்களோடு இத்தாலி ஆட்டத்துக்கும் நெதர்லாந்து ஆட்டத்துக்கும் மைதானத்துக்கே போனேன்.

பேஸ்பால் அந்த ஊரில் என்ன என்று புரிய தைவானின் 500 டாலர் நோட்டைப் பார்த்தால் போதும். அதில் தலைவர் படம் கிடையாது, தைதுங் பக்கத்துப் பள்ளிக்கூடப் பையன்கள் பேஸ்பால் ஜெயித்துத் தொப்பியைத் தூக்கி எறிகிற படம்தான் இருக்கும். போட்டியில் அணியின் பெயர் சைனீஸ் தைபே. மைதானத்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. டிரம், எக்காளம், ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு. நம் ஊர்த் திருவிழாவில் மேளத்துக்கு மிக அருகில் நின்றால் நெஞ்சுக்கூடு அதிருமே, ஒன்பது இன்னிங்ஸும் அப்படித்தான் இருந்தது.

நெதர்லாந்து ஆட்டத்தில் இரண்டாவது இன்னிங்ஸிலேயே மூன்று பேஸிலும் ஆள் நிற்க, தைவானின் யூ சாங் அடித்தார் ஒரு ஹோம் ரன். பந்து போகும் திசையைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மா ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கடைசி இடம் வந்த அணியில் இருந்துகொண்டே குழுவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை யூ சாங் வாங்கினார் என்பதை இங்கே யாரும் சொல்லவில்லை. கணக்கு பேட்டிங்கைப் பார்க்கவில்லை என்றாலும் விருது கொடுத்தவர்கள் பார்த்தார்கள்.

இன்னொரு விஷயம். அந்த ஆட்டம் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குத் தொடங்கியது. கியூபாவோடு ஆட்டம் ஞாயிறு மதியம் 12 மணிக்கு. அத்தனை பிட்சர்களைப் பயன்படுத்திவிட்டு, தூங்கி எழுந்து வந்தால் எதிரே மொன்காடா, லூயிஸ் ராபர்ட் என்று மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் இருக்கும் கியூபா, அதுவும் ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு. 7-1 என்று தோற்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

புதுவரவு:

ஞாயிறு மதியமே எல்லாம் முடிந்துவிட்டதா அப்போது? அல்லது இரவு ஆட்டத்தில் தைவானுக்கு ஏதாவது நம்பிக்கை மிச்சம் இருந்ததா?

கணக்குப்பிள்ளை:

காலிறுதி முடிந்துவிட்டது. இரவில் நெதர்லாந்து ஜெயித்தால் அவர்கள் 3-1. கியூபா, பனாமா, தைவான் மூன்றும் 2-2. அந்த மூன்றில் கியூபா மற்ற இரண்டையும் ஜெயித்திருக்கிறது, அதனால் கியூபாதான் போகும். ஆனால் இத்தாலி 1-3 என்று கடைசியாகிவிடும். தைவான் தகுதிச் சுற்றிலிருந்து தப்பிவிடும்.

தைச்சுங்மழை:

ஆமாம், அதேதான். விடுதியில் பதினைந்து பேர் ஒரு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, முந்தின இரவு எங்களோடு மோதிய நெதர்லாந்துக்காகக் கத்தினோம். ஒருவன் எங்கிருந்தோ ஆரஞ்சு நிறத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தலையில் கட்டிக்கொண்டான். இத்தாலி அடிக்க அடிக்க ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசி அவுட் வரை நான்கு பேர் இருந்தோம்.

அதன்பின் இரண்டு வருடத்துக்கு அந்த 31 ரன் பேச்சு எங்கள் கூட்டத்தில் வராத வாரம் இல்லை. 2024 நவம்பரில் டோக்கியோ டோமில் ஜப்பானை 4-0 என்று ஜெயித்து, 12 நாடுகள் ஆடும் பிரீமியர்12 கோப்பையைத் தூக்கிய இரவிலும் ஒருவன், "அடுத்த பிப்ரவரியில் தகுதிச் சுற்று இருக்கிறது, மறக்காதீர்கள்" என்றான்.

அந்தப் பிப்ரவரியில் தைபே டோமுக்குப் போனேன். நிகராகுவா முதலில் தகுதி பெற்றுவிட்டது, மிச்சம் இருந்தது ஓர் இடம், ஸ்பெயினோடு ஓர் ஆட்டம். 6-3. ஆரஞ்சுத் துண்டு கட்டியவன் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான், கடைசி அவுட் விழுந்ததும் திரும்பிப் பார்த்து மூன்று விரலைக் காட்டினான். மூன்று ரன்தான் கொடுத்தோம் என்று.

இடதுகைப்பந்து:

அந்த மூன்று விரலைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது.

டோக்கியோ குழுவின் அட்டவணை வந்ததும் தனி இழை தொடங்குகிறேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கொடுத்த ரன், எடுத்த அவுட் இரண்டையும் அதில் போட்டுக்கொண்டே வருவேன். கணக்குப்பிள்ளை, நீங்கள் சரிபார்த்துக் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

கட்டாயம். அடித்த ரன்னுக்கும் ஒரு பத்தி வைப்போம்.